நெய்தவர் பெயர் இல்லாத கணக்கு

காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலுக்கு என்ன மருந்து என்று இன்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கு. தினம் ஒரு ரீல் போடு. விலை கேட்கிறவர்களின் எண்ணையெல்லாம் சி.ஆர்.எம். என்கிற வாடிக்கையாளர் உறவு மென்பொருளில் ஏற்று. வாட்ஸ்அப்பை அதோடு இணைத்துவிடு. இடைத்தரகர் ஒழிவார், வாடிக்கையாளர் நேராக வாசலுக்கு வருவார், தறி பிழைத்துக்கொள்ளும். கடன் கேட்டுப் போனால் வங்கியில் இதைச் சொல்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்கிறார்கள். எம்.பி.ஏ. முடித்து வந்த பிள்ளை வீட்டுக்குள்ளேயே இதைச் சொல்கிறான்.

இந்த நம்பிக்கை தவறு. பாதி தவறு என்றுகூட நான் சொல்ல மாட்டேன், அதன் அடிப்படையே தவறு. வலைத்தளத்தில் சேலை விற்கக் கூடாது என்பதல்ல என் வாதம். விற்கலாம், விற்கிறார்கள், சிலர் நன்றாகவே விற்கிறார்கள். ஆனால் ‘உறவு’ என்று பெயர் வைத்து, ஆளைத் துரத்தும் ஓர் ஏற்பாட்டைச் சிறு கடைக்காரர் தலையில் கட்டுவதும், அதுவே நெசவாளரைக் காப்பாற்றும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைப்பதும் அநியாயம்.

ஓரிக்கையை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தின் தென் ஓரத்தில் பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர், இப்போது நகரத்தோடு ஒட்டிவிட்டது. காஞ்சியை விட்டுக் கிளம்பிய திருமழிசை ஆழ்வாருக்கும் அவர் சீடர் கணிகண்ணனுக்கும் பின்னால் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து ஓர் இரவு தங்கிய இடம் என்பது தலக்கதை. வெளியூர்க்காரர்களுக்கு இது மகா பெரியவர் மணிமண்டபம் இருக்கும் ஊர். 2011இல் குடமுழுக்கு நடந்த பிறகு வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அப்படிக் காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் தறி இருக்கும் தெருவுக்குள் நுழைவது அபூர்வம். அவர்களைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போக ஆட்டோக்காரரோ, கார் ஓட்டுநரோ, வழிகாட்டி என்று சொல்லிக்கொள்பவரோ இருக்கிறார். கடை அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. அந்தக் கமிஷன் சேலை விலையில் ஏறுகிறது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது, ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த விஷயமும்கூட.

வலைத்தளம் வந்தால் இந்தக் கமிஷன் ஒழியும் என்றார்கள். கணக்கைப் பாருங்கள். ஆட்டோவில் வந்தவர் சேலை எடுக்காமல் போனால் ஆட்டோக்காரருக்குச் சேலைக் கமிஷன் கிடையாது. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் கையில் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்துக்கு அப்படியில்லை. விளம்பரம் கண்ணில் பட்டால் காசு, விரல் தட்டினால் காசு. சேலை விற்றதா இல்லையா என்பது அவர்கள் கவலையே இல்லை. அதற்கு மேல் மென்பொருளுக்கு ஆள் கணக்கில் மாதச் சந்தா. வாட்ஸ்அப்பின் கட்டண வழியில் போனால் 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் தனிக் கட்டணம். ரீல் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குச் சம்பளம். ஒரு இடைத்தரகரை அனுப்பிவிட்டு மூன்று பேரை உள்ளே விட்டிருக்கிறோம். அந்த மூன்று பேரில் ஒருவராவது தறிக்குழியில் கால் வைத்தவர் உண்டா?

இலவசமாகத்தானே ஆரம்பிக்கலாம் என்பார்கள். வாட்ஸ்அப்பின் சாதாரணச் செயலியில் ஒரு ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். ஃபேஸ்புக்கில் பக்கம் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். ஆயிரக்கணக்கானவர்களை ‘லைக்’ போட வையுங்கள், உங்கள் பதிவு அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று முதலில் சொன்னார்கள். சிறு கடைக்காரர்கள் நம்பி உழைத்தார்கள். 2014 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது: அடுத்த ஜனவரியிலிருந்து விற்பனை வாடை தூக்கலாக உள்ள பதிவுகளைக் குறைத்தே காட்டுவோம். காட்ட வேண்டுமானால் காசு கட்டி விளம்பரம் செய் என்பதுதான் அதற்குப் பொருள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அதில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு ஒரே இரவில் ஒன்றும் மிஞ்சவில்லை. தடை சரியா தவறா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. சேர்த்து வைத்த பெயர்ப் பட்டியல் யார் கையில் இருந்தது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செலவுக் கணக்கு என்று தள்ளிவிடலாம். அதைவிடப் பெரிய கேடு வேகத்தில் இருக்கிறது.

ஓரிக்கையில் ஒரு வீட்டுத் தறியின் முன்னால் அரை மணி நேரம் நின்று பாருங்கள். குழிக்குள் காலை விட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், நடுவில் உடலுக்கு ஒன்றும் இரு பக்கக் கரைகளுக்கு ஒவ்வொன்றும். ஒரே ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது மனைவி. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்பும். இந்தக் கோப்பு ஒவ்வொரு ஊடைக்கும் நடக்க வேண்டும், சேலை முழுக்க நடக்க வேண்டும். எங்கேயாவது கை அசந்தால் கரையோரத்தில் பல் தெரியும்.

முந்திக்கு வந்தால் பெட்னி. உடலின் பாவு இழைகளோடு முந்தி நிறத்துப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிணைத்து, கொஞ்சம் நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலை முடிகிற வரைக்கும் தறியில் ஒரு விரற்கடை துணிகூட ஏறாது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

இப்போது இதே சேலையின் படம் இன்ஸ்டாகிராமில் போகிறது. கீழே கேள்விகள் குவிகின்றன. “விலை ப்ளீஸ்.” “இதையே மயில்கழுத்துல காட்டுங்க.” “வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், வந்துடுமா?” மயில்கழுத்தில் வேண்டுமென்றால் புதுப் பாவு வேண்டும். சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்க வேண்டும், தறியில் ஏற்றி இழை பிணைக்க வேண்டும். ஒருவர் கேட்டார் என்று ஒரே ஒரு சேலைக்கு அதைச் செய்ய முடியாது. ஒரு பாவு ஏற்றினால் அதில் இரண்டு மூன்று சேலை வரும், எல்லாம் அதே பாவு நிறத்தில். ஐப்பசி, கார்த்திகை என்றால் இன்னும் சிக்கல். மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, சாயம் காயாது, தாழ்வான வீடுகளில் தறிக்குழிக்குள்ளேயே தண்ணீர் ஊறும். மென்பொருளுக்கு மழை தெரியாது. கேள்வி வந்த சில நொடிகளில் அது தானாகப் பதில் அனுப்பிவிடுகிறது: உங்கள் ஆர்டர் விரைவில்.

அந்த ‘விரைவில்’ என்ற சொல்லை யாராவது காப்பாற்றியாக வேண்டும். கைத்தறியால் முடியாது. விசைத்தறியால் முடியும். கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விளம்பரத்துக்குக் கட்டிய பணம் ஒரு பக்கம் நெருக்குகிறது, பதில் தாமதமானால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். முதலில் ஒரு சேலையை வெளியிலிருந்து வாங்கி அனுப்புவார். பிறகு பத்து. ரீலில் காட்டுவது கோர்வைத் தறி, பெட்டியில் போவது விசைத்தறிச் சேலை என்று ஆகிவிடும். ஓரிக்கைத் தறியின் சத்தம் வேறொரு துணிக்குப் பின்னணி இசையாக ஓடிக்கொண்டிருக்கும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் சில்க் மார்க் வந்தது. இத்தனை காவல் இருந்தும் ஒரு ரீலுக்குக் கீழே ‘ஒரிஜினல் காஞ்சிபுரம்’ என்று எழுத எந்தச் சான்றையும் எந்தத் தளமும் கேட்பதில்லை. திரையில் பட்டும் பாலியஸ்டரும் ஒரே மாதிரிதான் மின்னும். இழையை எரித்தால் முடி கருகும் வாடை வருகிறதா, ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்பதெல்லாம் கையும் மூக்கும் கண்ணும் பக்கத்தில் இருந்து பார்க்கிற சோதனைகள். ஒரு பெண் நிஜமான கோர்வைச் சேலையின் விளம்பரத்தில் ஒரு கணம் விரலை நிறுத்தினால் போதும், அவருக்குப் பட்டில் ஆசை என்று தளம் குறித்துக்கொள்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அவர் திரையில் செமி சில்க் விற்பவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். கைத்தறிக் கடைக்காரர் தன் காசில் கண்டுபிடித்த வாடிக்கையாளரைத் தளம் அவருடைய போட்டிக்காரருக்கும் விற்கிறது. இதுதான் அந்த வியாபாரத்தின் இயல்பு, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. தெரிந்தும் நாம் இதற்கு ‘நேரடித் தொடர்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சி.ஆர்.எம். என்பது அந்நியச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996இல் தொடங்கி, பின்னர் ஸோஹோ ஆன நிறுவனம் 2005இல் தன் சி.ஆர்.எம். மென்பொருளைக் கொண்டுவந்தது. அதன் வளாகம் இருக்கும் கூடுவாஞ்சேரிப் பக்கத்து வல்லாஞ்சேரி, 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. உலகம் முழுக்க விற்கும் வாடிக்கையாளர் மென்பொருளின் வளாகமும் உலகம் முழுக்கப் போகும் பட்டுச் சேலையின் தறியும் அதுவரை ஒரே மாவட்டத்தில் இருந்தன. எனக்கு அதில் பெருமைதான். முப்பது விற்பனையாளர்களை ஊர் ஊராக அனுப்பும் ஒரு பம்ப்செட் நிறுவனத்துக்கு இந்த மென்பொருள் அருமையான கருவி. யார் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள், எப்போது திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை ஓரிடத்தில் வைக்கிறது. விற்பனையாளர் வேலையை விட்டுப் போனாலும் தகவல் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தத் தேவைக்காகவே அது பிறந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த அமைப்பை அப்படியே தூக்கிவந்து சமூக வலைத்தளத்தோடு கோத்து ஒரு சேலைக்கடையில் வைத்தால், அதில் யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது?

அப்படியொரு கடையின் திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “விலை ப்ளீஸ்” என்று கேட்ட ஒவ்வொருவரும் ஒரு ‘லீட்’. ஒவ்வொரு லீடுக்கும் ஒரு வரிசை: பெயர், எண், ஊர், எந்த ரீலிலிருந்து வந்தார், எத்தனை முறை பதில் சொன்னார், சூடா, வெதுவெதுப்பா, குளிர்ந்துவிட்டதா. மூன்றாம் நாள் நினைவூட்டல், ஏழாம் நாள் தள்ளுபடிச் செய்தி. பிறந்த நாளுக்கு ஒரு கட்டம், திருமண நாளுக்கு ஒரு கட்டம். வாங்குகிறவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போகிற அந்தத் திரையில் நெய்தவருக்கு ஒரு கட்டம் இல்லை. எந்தத் தறி, எந்தப் பாவு, யார் கோர்வை போட்டார்கள், கூலி கொடுத்தாகிவிட்டதா என்று எதற்கும் இடமில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். “அது ஸ்டாக் கணக்குல இருக்கும் சார், இதுல எதுக்கு?” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நிஜமாகவே அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. எனக்கு அங்கேதான் முழு வழக்கும் இருக்கிறது. ஸ்டாக் கணக்கில் நெசவாளர் பொருளோடு பொருளாக இருக்கிறார். உறவுக் கணக்கில் அவர் இல்லை.

பட்டு வியாபாரத்தில் உறவு என்பது ஒரு சேலை கைமாறிய பிறகு தொடங்குவது. பத்து வருடம் கழித்து ஜரிகை கறுத்தால் யாரிடம் போய் நிற்பது? மடிப்பில் விட்டுப்போனால் யார் பார்த்துச் சொல்வார்கள்? அம்மாவின் முகூர்த்தச் சேலை மாதிரியே மகளுக்கும் வேண்டும் என்றால் அந்த அரக்கும் அந்தக் கரையும் யாருக்கு நினைவிருக்கும்? காஞ்சிபுரத்தில் பழைய கடைகளில் இதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தார். நூல் பிரிந்த அட்டை போட்ட நோட்டில் குடும்பத்தின் பெயரும் ஊரும் கல்யாணமும் எழுதியிருக்கும், எந்த நெசவாளர் வீட்டுச் சரக்கு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கென்று காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கித் தந்த நீலம் இன்றைக்கும் கடைகளில் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே கேட்கப்படுகிறது. ஒரு பாடகியைத் தெரிந்த ஒருவர், சாயத்தையும் தறியையும் தெரிந்த ஒருவர், இரண்டையும் ஒரே மனதில் வைத்திருந்ததால் பிறந்த நிறம் அது. ஏழாம் நாள் நினைவூட்டல் அனுப்பி அப்படி ஒரு நிறத்தை வரவழைத்துவிட முடியாது.

பழைய காலம் எல்லாம் தங்கம் என்று நான் பாடவில்லை. பழைய முதலாளிகள் பலர் நெசவாளரை முன்பணக் கடனில் கட்டிப் போட்டார்கள், பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தார்கள். அந்த அநியாயத்தை மறக்கக் கூடாது. ஆனால் அந்த முதலாளிக்கு நெசவாளரின் வீடு தெரியும். கூலி குறைந்தால் நெசவாளர் அவர் வாசலில் போய் நின்று கேட்க முடிந்தது, சங்கம் சேர்ந்து போராட முடிந்தது, கூட்டுறவுச் சங்கங்கள் கட்டி எழுப்ப முடிந்தது. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள். இன்று ரீல் ஓடவில்லை என்பதால் பாவு கொடுப்பதை நிறுத்தினால் நெசவாளர் யார் வாசலில் போய் நிற்பார்?

வாங்குகிறவர் பக்கமாவது இந்த உறவு உண்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. என் பெரியப்பா இறந்த வருடம், அவர்களுடைய திருமண நாளன்று காலையில் பெரியம்மாவின் போனுக்கு ஒரு ஜவுளிக்கடையிலிருந்து செய்தி வந்தது. இருவருக்கும் வாழ்த்து, இன்று ஜோடியாக வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. பெரியம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பேத்திதான் பார்த்து எங்களிடம் சொன்னாள். அந்தக் கடையில் இருபது வருடமாகத் துணி எடுத்த குடும்பம் எங்களுடையது. முன்பு அங்கே இருந்த வயதான கணக்குப்பிள்ளை பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் இருந்திருந்தால் துக்கம் விசாரிக்க வந்திருப்பார். மென்பொருளிடம் தேதி மட்டும் இருந்தது.

இப்படித் தேதியையும் எண்ணையும் வாங்குவதற்குக் கடைகளுக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்விக்குரியது. பில் போட மொபைல் எண் கட்டாயம் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும், சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமே என்ன தெரியுமா? உங்கள் பழைய நோட்டில் இருக்கும் எண்களையெல்லாம் மெட்டாவின் விளம்பரத் தளத்தில் ஏற்றுங்கள், அவர்களைப் போன்ற வேறு ஆட்களை அது தேடித் தரும் என்பதுதான். கல்யாணப் பட்டு எடுக்க வந்தபோது நம்பிக் கொடுத்த எண் அது. அந்த நம்பிக்கையை ஏற்றுமதி செய்துவிட்டு வாடிக்கையாளர் உறவு என்று பேசுவது எப்படி?

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். 2020இல் ஊரடங்கு வந்தபோது கடைகள் மூடின, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன, வீடுகளில் நெய்த சேலைகள் அடுக்கி வைத்தபடி இருந்தன. அப்போது வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் சேலையை விரித்துக் காட்டி விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சேலையைப் பிரித்துக் காட்டினார். முந்தியைத் திருப்பிக் காட்டினார், பெட்னி விழுந்த இடத்தைக் காட்டினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், இரண்டு நாள் கழித்து அனுப்பினார். கடைத்திண்ணைப் பேச்சு போனுக்குள் போனது, அவ்வளவுதான். அதில் லீடும் இல்லை, சூடும் குளிரும் இல்லை. அந்த அனுபவத்தைக் காட்டி முழு எந்திரத்தையும் விற்பவர்கள், எது வேலை செய்ததோ அதை விட்டுவிட்டு வேறொன்றை விற்கிறார்கள்.

இன்னொரு எண்ணையும் இந்த இடத்தில் வைக்க வேண்டும். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்த வருமானத்தில் இருக்கிறவரைப் பார்த்து, நீயே ரீல் எடு, நீயே விளம்பரம் போடு, நீயே மென்பொருளுக்குச் சந்தா கட்டு என்று சொல்வது கொடுமை. அவர் ரீல் எடுக்கிற நேரம் தறி நிற்கிற நேரம். தறி நின்றால் கூலி இல்லை. விற்காமல் போனால் பழி அவர் மேல்: ‘அப்டேட்’ ஆகத் தெரியவில்லை, காலத்தோடு ஓடத் தெரியவில்லை. கூலியை உயர்த்தாதவர்கள், போலியைப் பிடிக்காதவர்கள், பட்டு நூல் விலை ஏறும்போது வாய் திறக்காதவர்கள் எல்லோரும் இந்த ஒரு சொல்லில் தப்பித்துக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், வழி தொலைவில் இல்லை. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளோடு நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை வைத்து விற்றது. 1935இல் தொடங்கிய ஒரு கூட்டுறவு நிறுவனம் செய்த அந்தக் காரியம், எந்த மென்பொருளும் செய்யாதது. வாங்கியவர் கையில் நெய்தவர் பெயர் போய்ச் சேர்ந்தது. கணக்கெடுப்பை ஒட்டி நெசவாளர்களுக்கு அரசு அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. ஆளுக்கு ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணைச் சேலையோடும் பில்லோடும் சேர்க்க ஒரு வரி போதும். காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, ஜரிகையைச் சோதிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. சங்கம் தன் சொந்தக் கணினியில், தன் சொந்தப் பொறுப்பில் ஒரு பதிவேடு வைக்கட்டும். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பக்கம்: நெய்தவர், கோர்வைக்குத் துணை நின்றவர், பாவு, சாயம், ஜரிகைச் சோதனை, கொடுத்த கூலி, வாங்கியவர் சம்மதித்தால் அவர் பெயர். ஐந்து வருடம் கழித்து ஜரிகை எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதம் போடட்டும். பழைய சேலையைத் திருப்பிக் கொடுத்தால் ஜரிகைக்கு நியாயமான விலை தரட்டும். தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் அடிமாட்டு விலைக்கு அம்மாவின் கூறைச் சேலையைப் போடுகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள்.

அதற்குப் பிறகு வலைத்தளத்தில் படம் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். படத்தோடு நெய்தவர் பெயரைப் போடுங்கள். “இது தறியில் இருக்கிறது, தைக்குத்தான் முடியும், இந்த நிறத்தில் மூன்றே மூன்று” என்று உள்ளதை எழுதுங்கள். காத்திருக்கச் சம்மதிக்கிறவர்தான் கைத்தறியின் வாடிக்கையாளர். அவசரப்படுகிறவரை ஏழு செய்தி அனுப்பித் துரத்திப் பிடித்தாலும் அவருக்குக் கொடுக்க நம்மிடம் நேர்மையான சரக்கு இல்லை.

இந்த மருந்தை விற்றுக்கொண்டிருக்கும் ஆலோசகர்களிடமும் மென்பொருள் செய்கிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கைத்தறிக் கடைக்கு என்று நீங்கள் விற்கும் பதிவேட்டில் வாங்குகிறவருக்கு இருக்கிற அளவுக்குக் கட்டங்கள் நெய்தவருக்கும் இருக்கட்டும். கூலி கொடுக்காமல் ஒரு சேலையை ‘விற்றாகிவிட்டது’ என்று மூட முடியாதபடி செய்யுங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்கள். பில் போடுகிற இடத்தில் உங்கள் மொபைல் எண்ணைக் கேட்பார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் இதை யார் நெய்தது என்று கேளுங்கள், அந்தப் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரியாது என்று சொன்னால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்.